டிஃப்ளெக்டரைத் திட்டும் முன் பீமைப் பாருங்கள்

கனஅயனி சைக்ளோட்ரானில் (கனமான அயனிகளைக் காந்தப்புலத்தில் சுற்றவிட்டு ஆற்றல் ஏற்றும் கருவி) பீமை, அதாவது அயனிக் கற்றையை, வெளியே எடுக்கும்போது பாதி காணாமல் போனால், எல்லோருடைய கையும் முதலில் டிஃப்ளெக்டர் (பீமை மின்புலத்தால் வெளியே வளைக்கும் பாகம்) வோல்டேஜுக்குத்தான் போகும். எங்கள் ஷிஃப்டிலும் அதே கதைதான். ஏற்றினால் ஸ்பார்க், இறக்கினால் பீம் வளையாமல் எங்கேயாவது முட்டும்.

ஒரு மூத்த ஆபரேட்டர்தான் சொன்னார்: "அதை விடுங்க, டிஃப்ளெக்டருக்கு வர்ற பீம் எப்படி இருக்குன்னு முதல்ல பாருங்க." மெல்லிய முனை கொண்ட ரேடியல் புரோபை (ஆரத்தின் வழியே நகர்ந்து பீம் கரண்டை அளப்பது) மெதுவாக நகர்த்தி, ஆரத்துக்கு ஆரம் கரண்டை வரைந்து பார்த்தோம். உள்ளே ஒவ்வொரு சுற்றும் தனித்தனி மேடாகத் தெரிந்தது. வெளி ஆரத்தில் எல்லாம் ஒட்டிப்போய் ஒரே திட்டு. சுற்றுக்குச் சுற்று ஏறும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், ஆரம் கூடக் கூடச் சுற்றுகளின் இடைவெளி சுருங்கிவிடும். இடைவெளியே இல்லாதபோது செப்டத்தை (கடைசிச் சுற்றை மற்றவற்றிலிருந்து பிரிக்கும் டிஃப்ளெக்டரின் மெல்லிய தகடு) எங்கே வைத்தாலும் அது பீமின் நடுவில்தான் நிற்கும்.

அப்புறம் செய்தது இரண்டு வேலை. மையப் பகுதியில் ஃபேஸ் ஸ்லிட்டை (முடுக்கும் வோல்டேஜோடு சரியான நேரத்தில் வராத அயனிகளைத் தடுக்கும் பிளவு) நெருக்கினோம்; மிஞ்சும் அயனிகளின் ஆற்றல் வேறுபாடு குறைந்தால் சுற்றுகள் ஒட்டுவதும் குறையும். கரண்டு குறையும்தான், ஆனால் அங்கே இழப்பது ஆற்றல் குறைந்த அயனி, அதனால் பெரிய சேதம் இல்லை. செப்டத்தில் இழந்தால் கதை வேறு: கனஅயனி உலோகத்துக்குள் அதிக ஆழம் போகாது, மொத்தச் சூடும் மெல்லிய மேல்தோலிலேயே இறங்கி விளிம்பை உருக்கிவிடும். அடுத்து, ஹார்மோனிக் காயிலால் (புலத்தைத் திசைக்குத் திசை சற்றே மாற்றும் கூடுதல் சுருள்) காந்தப்புலத்தில் சிறு மேடு கொடுத்து, பீமின் சுற்றுப்பாதை மையத்தையே சுழலவிட்டோம். கடைசிச் சுற்று முந்தையதை விட்டு விலக இது போதும். மேட்டின் அளவைவிட அதன் திசைக் கோணத்தைச் சரிசெய்வதில்தான் பொறுமை போனது.

அளவீட்டையும் சும்மா நம்பாதீர்கள். ஒரு இரவு பீமை வெளியே எடுக்கும் திறன் (உள்ளே இருந்த கரண்டில் வெளியே வந்த பங்கு) 100 சதவீதத்தைத் தாண்டியது! வெளியே இருந்த ஃபாரடே கப்பில் (பீமைப் பிடித்துக் கரண்டை அளக்கும் கிண்ணம்), எலக்ட்ரான்கள் தப்பாமல் தடுக்கும் சப்ரெஸர் வோல்டேஜ் விழுந்திருந்தது. மோதலில் கிளம்பும் எலக்ட்ரான்கள் தப்பினால், நேர்மின் கரண்டு கூடுதலாகக் காட்டும். புகைப்படம் எடுக்க ஓடிவந்தவரைத் திருப்பி அனுப்பினோம்.

வெற்றிடம் மோசமாக இருந்தால், மிச்ச வாயுவில் மோதி அயனியின் மின்னூட்டம் மாறிப் பாதை விலகும். அந்த இழப்பு புரோப் வரைபடத்தில் உள்ளிருந்தே மெல்லச் சரியும் கோடாகத் தெரியும். அதை டிஃப்ளெக்டர் கணக்கில் எழுதாதீர்கள், பம்பைப் பாருங்கள்.