போலந்து: வோட்கா போய் பியர் வந்தது நல்லதா, இல்லையா?

வார்சா வாசி:

நேற்று வேறொரு இழையில், போலந்துக்குப் புதிதாக வந்த ஒரு தம்பி "இது குடிகார நாடு, எங்கே பார்த்தாலும் பியர்" என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். ஊரில் சொந்தக்காரர்கள் கேட்பதும் இதேதான்: "அங்கே காலையிலேயே வோட்கா குடிப்பார்களாமே?" எனக்கு இது பொறுக்கவில்லை. அதனால்தான் தனி இழை.

தன் குடிப்பழக்கத்தையே ஒரு தலைமுறைக்குள் மாற்றிக்கொண்ட நாடு இது. கம்யூனிஸ்ட் ஆட்சியில் வோட்காதான் எல்லாம். 1982ல், ராணுவச் சட்டம் நடந்துகொண்டிருந்தபோது, மதியம் ஒரு மணிக்கு முன்னால் மது விற்கக் கூடாது என்று சட்டம் போடும் அளவுக்கு நிலைமை இருந்தது. 1990ல் தலைக்கு வருடம் சுமார் 30 லிட்டர் பியர்தான் குடித்தார்கள். 2010களில் அது 100 லிட்டரை ஒட்டிப் போய்விட்டது. அந்த இடத்தை விட்டுக்கொடுத்தது வோட்கா.

இது தானாகவும் நடக்கவில்லை. 1990ல் பியர் நண்பர்கள் கட்சி என்று ஒரு கட்சியே தொடங்கினார்கள். ஆரம்பித்தவர் யானுஷ் ரெவின்ஸ்கி என்ற நகைச்சுவை நடிகர். வோட்காவை விட்டுவிட்டு நல்ல இடத்தில் உட்கார்ந்து, பேசிக்கொண்டே பியர் குடிக்கப் பழகுவோம் என்பதுதான் அவர்கள் சொன்னது. 1991 தேர்தலில் நாடாளுமன்றக் கீழவையின் 460 இடங்களில் 16 இடம் பிடித்தார்கள். பிறகு பெரிய பியர், சின்ன பியர் என்று இரண்டு அணியாக உடைந்து கட்சி காணாமல் போனது வேறு கதை. ஆனால் அவர்கள் கேட்ட மாற்றம் வந்துவிட்டது. கோடைச் சாயங்காலம் இங்கே வார்சாவில் விஸ்துலா ஆற்றங்கரைப் படிகளில் போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு பியரோடு உட்கார்ந்திருப்பார்கள், சண்டை சச்சரவு இருக்காது. வெளியாள் பார்வைக்கு இது குடிகாரக் கூட்டம். எனக்கு இது நாகரிகம்.

லுப்ளின் மாணவன்:

அண்ணா, நான் இங்கே மருத்துவம் படிக்கிறேன். நீங்கள் சொன்ன எண்கள் சரி, அதிலிருந்து வந்த முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. வோட்காவின் இடத்துக்குப் பியர் வந்ததால் குடி குறைந்ததா? சுத்த ஆல்கஹால் கணக்கைப் பாருங்கள். 2000களின் தொடக்கத்தில் தலைக்கு வருடம் ஏழு லிட்டருக்கும் கீழே இருந்தது, 2010களின் கடைசியில் ஒன்பதரை லிட்டரைத் தாண்டியது. அதில் பாதிக்கும் மேல் பியர் வழியாக உள்ளே போவது. மதுவால் வரும் கல்லீரல் நோய்ச் சாவுகளும் அதே காலத்தில் ஏறியிருக்கின்றன.

இங்கே பியர் என்றாலே அரை லிட்டர். 5 சதவீதம் என்றால் அதில் 25 மில்லி சுத்த ஆல்கஹால். 50 மில்லி வோட்காவில் 20 மில்லி. அதாவது ஒரு கேன் பியர், ஒரு வோட்கா கிளாஸை விட அதிகம். சாயங்காலம் டிவி முன்னால் நாலு கேன் குடிப்பவர் கால் லிட்டர் வோட்கா குடித்திருக்கிறார். வார்டில் நோயாளியிடம் "குடிப்பீர்களா?" என்று கேட்டால் "இல்லை, பியர் மட்டும்தான்" என்று நிஜமாகவே நம்பிச் சொல்கிறார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது யார்? வோட்காவுக்கும் ஒயினுக்கும் விளம்பரம் கூடாது, பியருக்கு மட்டும் இரவு எட்டு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை டிவியில் வரலாம் என்று வைத்திருக்கிற சட்டம்தான். ஆல்கஹால் அளவை வைத்துப் பார்த்தால் வரியும் வோட்காவை விடக் குறைவு. பியர் விளம்பரத்தை முழுசாகத் தடை செய்ய வேண்டும் என்பது என் வாதம்.

ஓக் புகை:

வ்ரோட்ஸ்வாஃபில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவன் நான். நீங்கள் இரண்டு பேரும் லிட்டரை எண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள், என்ன குடிக்கிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை.

க்ரோஜிஸ்க் என்ற சின்ன ஊரில் கோதுமையை ஓக் மர விறகுப் புகையில் காயவைத்து ஒரு பியர் செய்வார்கள். ஆல்கஹால் சுமார் 3 சதவீதம்தான். உயரமான கண்ணாடிக் கிளாஸில் ஊற்றினால் வெளிர் மஞ்சளாக, தெளிவாக, ஒயின் போல நுரைத்து நிற்கும். வாய்க்கு அருகே கொண்டுபோகும்போதே விறகடுப்பு வாசனை வரும், குடித்தால் லேசாக, ஒரு மெல்லிய கசப்போடு முடியும். பல நூற்றாண்டு வழக்கம். 1993ல் அந்த ஆலையை மூடிவிட்டார்கள். வீட்டில் காய்ச்சும் ஆட்கள்தான் பழைய செய்முறையையும் ஈஸ்ட்டையும் தேடி எடுத்துக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். 2015ல் ஆலை திரும்பத் திறந்தது. இது குடிப்பழக்கமா, பண்பாடா என்று நீங்களே சொல்லுங்கள்.

2011ல் பிண்டா என்ற சின்ன நிறுவனம் கசப்பும் வாசனையும் தூக்கலாக ஒரு அமெரிக்க பாணி பியரைக் கொண்டு வந்தது. அப்புறம்தான் இங்கே சிறு ஆலைகள் புற்றீசல் மாதிரி கிளம்பின. இப்படி ருசித்துக் குடிப்பவன் ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் வைத்திருப்பான். லுப்ளின் தம்பி இருக்கிற பக்கம்தான் நாட்டின் ஹாப்ஸ் (பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் பூ) தோட்டங்கள் பெரும்பாலும் இருக்கின்றன. அங்கே க்ராஸ்னிஸ்டாவ் என்ற ஊரில் 1971லிருந்து ஹாப்ஸ் திருவிழா நடக்கிறது. ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்து தடை கேட்கட்டும்.

லுப்ளின் மாணவன்:

க்ரோஜிஸ்க் பியரைத் தடை செய்யச் சொல்லவில்லை அண்ணா, விளம்பரத்தைத்தான் சொன்னேன். சிறு ஆலைகளின் பங்கு மொத்தச் சந்தையில் மிகச் சின்னது. நாடு குடிப்பது மூன்று நாலு பெரிய நிறுவனங்களின் லாகர் என்ற சாதாரண மஞ்சள் பியர். பெரிய பியர் பெயர்களில் டிஸ்கியே இன்று ஜப்பானின் அசாஹி கையில், ஜிவியெட்ஸ் ஹைனகன் கையில், ஒகோச்சிம் கார்ல்ஸ்பெர்க் கையில். இவர்கள் விற்பது அந்த விறகு வாசனையை அல்ல, பத்துப் பன்னிரண்டு கேன் கட்டிய பொட்டலத்தை. நீங்கள் உயர்த்திப் பேசும் ருசிகர்கள் கொண்டாடுகிற பால்டிக் போர்ட்டர் என்ற கறுப்பு பியரும் 9 சதவீதத்துக்குப் பக்கம் போகிறதே? அதைக் குடித்தாலும் கல்லீரலுக்கு அதே வேலைதான்.

டிஹி மருமகள்:

படித்துக்கொண்டே வந்தேன், பேசாமல் இருக்க முடியவில்லை. நான் வாழ்க்கைப்பட்டது தெற்கே சுரங்கங்கள் நிறைந்த சிலேசியாவில், டிஸ்கியே பியர் காய்ச்சும் டிஹி ஊரில். 1629ஆம் வருடப் பதிவிலேயே பெயர் வரும் ஆலை அது. மாமனார் சுரங்கத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு அலமாரி முழுக்கப் பியர் குவளைகள். ஒவ்வொன்றிலும் சுரங்கத்தின் பெயரும் வருடமும் இருக்கும். டிசம்பர் 4 புனித பார்பரா நாள், சுரங்கக்காரர்களின் பெரிய பண்டிகை. அதை ஒட்டி கார்ச்மா பிவ்னா (பியர் விடுதி என்று அர்த்தம்) என்று ஒரு விருந்து நடக்கும். கறுப்புச் சீருடை போட்டு நீள மேசைகளில் இரண்டு அணியாக உட்காருவார்கள். எந்த அணி சத்தமாகப் பாடுகிறது என்று போட்டி. ஒழுங்கு மீறியவரை மரத் தளையில் மாட்டி வைப்பார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பியர் குடித்துவிட்டு ஒரு தோலைத் தாண்டிக் குதித்தால்தான் அவர்களில் ஒருவர். மேலதிகாரி, தொழிலாளி எல்லாரும் ஒரே மேசை. இறந்துபோன தோழர்களின் பெயர் சொல்லி எழுந்து நிற்கிற நேரமும் உண்டு என்பார் மாமனார். இரண்டு அலமாரித் தட்டுக் குவளைகளை எனக்குக் காட்டி, இந்த வருடம் யார் இருந்தார், அடுத்த வருடம் யார் இல்லை என்று சொல்லியிருக்கிறார். இதை லிட்டர் கணக்கில் எழுத முடியாது.

அதே நேரம் வார்சா வாசி அண்ணா சொல்லும் நாகரிகத்தை நான் அப்படியே வாங்கிக்கொள்ளவும் மாட்டேன். அந்த விருந்து வழக்கப்படி ஆண்களுக்கு மட்டும், பெண்களுக்குத் தனியாக ஒன்று. ஆண்கள் பாடிவிட்டுத் திரும்பும்போது கதவைத் திறந்து விடுவது யார்? பெண்ணுக்கென்றால் ராஸ்பெர்ரி சிரப் ஊற்றி ஸ்ட்ரா போட்ட பியர், ஆணுக்கு அரை லிட்டர் குவளை என்று உணவகத்தில் கேட்காமலே வைத்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை. இங்கே குடிப் பிரச்சினை உள்ள வீடுகளில் பெண்கள் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. நம் ஊரிலும் அப்படித்தான். வெளியிலிருந்து வந்தவர்கள் கேலி செய்யவும் வேண்டாம், ஆற்றங்கரைப் படியை மட்டும் பார்த்துவிட்டுப் புகழவும் வேண்டாம்.

வார்சா வாசி:

அக்கா, உங்கள் மாமனாரின் குவளைகளைத்தான் நானும் சொல்ல வந்தேன். உறவோடு சேர்ந்த குடி அது.

லுப்ளின் தம்பிக்கு: கட்டுப்பாடே இல்லாத நாடு மாதிரி எழுதுகிறீர்கள். ரத்தத்தில் ஆல்கஹால் ஆயிரத்தில் 0.2 பங்கு இருந்தாலே வண்டி ஓட்டக் கூடாது, 0.5 தாண்டினால் குற்ற வழக்கு. 2024 மார்ச்சிலிருந்து 1.5க்கு மேல் போனால் காரையே பறிமுதல் செய்யலாம். பூங்காவில் ஒரு கேனைத் திறந்தால் 100 ஸ்வாட்டி (போலந்து நாணயம்) அபராதம், விஸ்துலா கரை போல நகராட்சி விலக்குக் கொடுத்த இடங்களில் மட்டும் பரவாயில்லை. கிராக்கோவில் 2023 ஜூலையிலிருந்து நள்ளிரவு முதல் காலை ஐந்தரை வரை கடைகளில் மது விற்பனையே கிடையாது. அந்த ஊர்த் தெருக்களில் இரவில் கத்திக்கொண்டு திரிந்தவர்களில் பலர் மலிவு விமானத்தில் கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர்கள். அவர்களைப் பார்த்துவிட்டுப் போலந்துக்காரர்களைக் குடிகாரர்கள் என்பது எந்த நியாயம்?

ஓக் புகை:

ஆல்கஹால் இல்லாத பியரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் முன்பு அதைக் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். இன்று எந்தக் கடைக் குளிர்பெட்டியிலும் ஒரு தட்டு முழுக்க அதுதான். மற்ற பியர் விற்பனை இறங்கும்போது இது ஏறியது. மக்கள் தாங்களாகவே குறைக்கிறார்கள்.

லுப்ளின் மாணவன்:

அதை நானும் வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பூஜ்ஜியம் போட்ட கேனில் இருப்பது அதே பெயர், அதே சின்னம். எட்டு மணிக்கு முன்னால் காட்டக் கூடாத பெயரைப் பட்டப்பகலில் குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் காட்ட அது ஒரு வழி.

டிஹி மருமகள்:

இதில் நான் தம்பி பக்கம். என் எட்டு வயதுப் பெண்ணுக்கு ஊர்ப்பெயர்கள் தெரிவதற்கு முன்பே பியர் பெயர்கள் தெரியும். கால்பந்து பார்க்க உட்கார்ந்தாலே அதுதான் ஓடுகிறது. கார்ச்மாவில் பாடுகிறவர்களுக்கு விளம்பரம் தேவையில்லை, அது இல்லாமலே அவர்கள் பாடுவார்கள்.

வார்சா வாசி:

விளம்பரத் தடைக்கு என் ஆதரவு இல்லை. மூடி மறைத்தால் பழைய காலம் போல விருந்தில் வோட்கா பாட்டில்தான் மேலே வரும். இரவு விற்பனைத் தடை நாடு முழுக்க வந்தால் கைதட்டுவேன்.

லுப்ளின் மாணவன்:

இரவுத் தடை நல்லதுதான் அண்ணா, ஆனால் அது சத்தத்தைக் குறைக்கும், நோயைக் குறைக்காது. காலை ஆறரைக்கு ஷிப்டு போகும்போது தெருமுனைக் கடையில் எனக்கு முன்னால் நிற்பவர்களைப் பார்க்கிறேன். வேலைக்குப் போகிற உடையில்தான் இருக்கிறார்கள். ஒருவர் நம்மூர் குவார்ட்டர் அளவில் சின்ன வோட்கா வாங்குகிறார். 2021ல் அந்தச் சின்னப் பாட்டில்கள் மேல் தனிக் கட்டணம் போட்டும் அவை கல்லாவுக்குப் பக்கத்திலேயேதான் அடுக்கியிருக்கின்றன. அடுத்தவர் வாங்குவது இரண்டு கேன் ஸ்ட்ராங் பியர். முதல் ஆளைப் பற்றி ஊரே கவலைப்படுகிறது. இரண்டாவது ஆளைப் பற்றியும் யாராவது பேச வேண்டும் என்றுதான் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.