'ரன்' என்றால் ஓடுவதுதானா?

பழையவாத்தியார்:
"மை நோஸ் இஸ் ரன்னிங்" என்பதை "என் மூக்கு ஓடுகிறது" என்று மொழிபெயர்த்திருந்தாள் ஒரு மாணவி. சிரித்துவிட்டு அகராதியைத் திறந்தால் எனக்கே தலை சுற்றியது. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காரர்கள் இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 645 பொருள் கண்டிருப்பதாக 2011-இல் செய்தி வந்தது. 1989 பதிப்பில் முதலிடம் 'செட்'டுக்கு, அதற்கு 430. ஆனால் என் கட்சி வேறு. ஆணிவேர் ஒன்றுதான்: நிற்காமல் போய்க்கொண்டிருப்பது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தானாக வரும். பஸ் ஓடுகிறது, படம் ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது என்று நமக்கு யாராவது தனித்தனியாகச் சொல்லிக்கொடுத்தார்களா?

கறார்:
ஐயா, உங்களுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கிவிட்டீர்கள். அமெரிக்காவில் அதிபர் பதவிக்கு 'ரன்' செய்கிறார்கள். நாம் தேர்தலில் நிற்கிறோம். பிரிட்டனிலும் 'ஸ்டாண்ட்' என்பதே வழக்கம். நிற்காமல் போவது எப்படி ஐயா நிற்பதாயிற்று?

பழையவாத்தியார்:
அமெரிக்கர்களுக்குத் தேர்தல் ஒரு பந்தயம். 'ரேஸ்' என்றே சொல்கிறார்கள். பந்தயத்தில் ஓடத்தானே வேண்டும்?

கறார்:
விடை தெரிந்த பிறகு காரணம் சொல்ல யாராலும் முடியும். என் கதையைக் கேளுங்கள். புதுச் சிவப்புத் துண்டின் ஓரத்தில் "கலர்ஸ் மே ரன்" என்று தைத்திருந்தது. படித்தேன், ஒன்றும் விளங்கவில்லை, வெள்ளைச் சட்டையோடு ஊறவைத்தேன். சட்டை ரோஜா நிறத்தில் வந்தது. சாயம் ஒட்டும் என்று அந்தத் தொடர் முழுவதையும் அன்றைக்குக் கற்றேன். உங்கள் ஆணிவேர் என் சட்டையைக் காப்பாற்றியிருக்காது. தொடராகத்தான் கற்க வேண்டும்.

திண்ணை:
தமிழ் கற்பவர்கள் பாடு இன்னும் மோசம். கூரையில் ஓடு, முட்டைக்கு ஓடு, "என்னோடு வா" என்பதிலும் ஓடு.

கறார்:
அது வேறு வழக்கு. எழுத்து ஒன்று, சொற்கள் வேறு. இதில் கலக்காதீர்கள்.

பழையவாத்தியார்:
இன்று வகுப்பில் "மூக்கு ஒழுகுகிறது" என்று திருத்திக் கொடுத்தேன். உடனே அவள், "அப்படியானால் குழாய் ஒழுகினாலும் 'ரன்னிங்'தானா?" என்றாள். இல்லையம்மா, திறந்துவிட்ட குழாய்க்குத்தான் 'ரன்னிங்', மூடியும் சொட்டினால் 'லீக்கிங்' என்றேன். "மூக்கை யார் சார் திறந்துவிட்டார்கள்?" என்கிறாள். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். கறார், சிரிக்க வேண்டாம்.