கைப்பிடி அரிசியும் பண்டிகையில்லா மாதங்களும்

திருநெல்வேலியிலிருந்து ஒருவர்:

சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகு 12 ஆண்டுகளாக நான் ஆலயத்துக்குப் போனதெல்லாம் பெரிய வெள்ளி, உயிர்த்தெழுந்த ஞாயிறு, கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை ஆகிய நான்கு நாட்களில் மட்டுமே. ஒருமுறை நிலப் பத்திரம் தொடர்பாக ஆகஸ்ட் மாதத்தில் ஊருக்குச் சென்றிருந்தேன். செவ்வாய்க்கிழமை மாலை ஆலய மணி ஒலிக்கவே, யாரேனும் இறந்துவிட்டார்களா என்று கேட்டேன். அது நாள்தோறும் அடிக்கும் ஜெப மணி என்பதையே நான் மறந்திருந்தேன்.

ஆராதனை நடத்தும் உபதேசியாரையும் சேர்த்து உள்ளே எட்டுப் பேர் இருந்தனர். பீடத்தில் பச்சை விரிப்பு. உயிர்த்தெழுந்த ஞாயிறுக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தெகொஸ்தே திருநாள் முடிந்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கும்வரை, ஏறத்தாழ ஆண்டின் பாதிக்கு அந்தப் பச்சைதான் என்பதும் எனக்கு அன்றுதான் உறைத்தது. வெளியே வந்ததும் பெரியம்மா, "கிறிஸ்மஸுக்கு இன்னும் நாள் கிடக்கே, என்னய்யா இப்பமே வந்துட்ட?" என்றார். கேலிதான், ஆனாலும் தைத்தது.

அவர் வீட்டு அடுக்களையில் ஒரு தனிப் பானை உண்டு. உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடியை அதில் போட்டுவிட்டுத்தான் மீதியைக் களைவார். சேர்ந்தது ஞாயிறன்று காணிக்கையாகப் போகும். 1903இல் பாளையங்கோட்டையில் தமிழ்க் கிறிஸ்தவர்களே வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு பேசும் தோர்ணக்கல் பகுதிவரை ஊழியரை அனுப்பியதைப் பள்ளியில் பெருமையோடு படித்திருக்கிறேன். அத்தகைய ஊழியங்களைத் தாங்கியவற்றுள் இந்தக் கைப்பிடி அரிசியும் ஒன்று என்பதைப் பெரியம்மாவின் பானையருகே நின்றபோதுதான் நினைத்துப் பார்த்தேன். அரிசி குறைவாக இருந்த நாட்களில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "கை சின்னதாயிரும், அவ்வளவுதான்" என்றார்.

தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து ஒருவர்:

எங்கள் கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது பழைய கட்டுப்பாடு. எந்திரப் பழுதுக்கு வாங்கிய கடனோடு தவித்துக்கொண்டிருந்த என் மாமா, நல்ல மீன்பாடு இருந்த ஒரு ஞாயிறன்றும் படகை இறக்கவில்லை. வேறு ஆட்கள் போகிறார்களே என்று நான் வாதாடியபோது அவர் பதில் சொல்லாமல் வலையை எடுத்து வைத்துவிட்டுத் திருப்பலிக்குக் கிளம்பினார். கடன் அதனால் அதிசயமாக அடைந்துவிடவில்லை. மேலும் ஓராண்டு வட்டி கட்டினார். கடவுள் செய்த நன்மைகளைச் சபையில் சாட்சியாகச் சொல்கிறவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள் என்பதால் இதைக் குறிப்பாக எழுதுகிறேன்.

திருநெல்வேலிக்காரரே மீண்டும்:

உங்கள் மாமாவைப் போல உறுதியானவன் என்று என்னைச் சொல்லிக்கொள்ள முடியாது. சென்னைக்குத் திரும்பியதும் ஒரு எவர்சில்வர் டப்பாவில் கைப்பிடி அரிசி போடத் தொடங்கி, மூன்றாம் வாரமே மறந்தேன். மனைவி நினைவூட்டியதால் மறுபடி தொடங்கினேன். இந்த அக்டோபரில் டப்பா முக்கால் அளவு நிறைந்திருக்கிறது. நாங்கள் போகும் ஆலயத்தில் அரிசிக் காணிக்கை வாங்கும் வழக்கம் இல்லாததால், அதை யாரிடம் கொடுப்பது என்று வரும் ஞாயிறு ஆயரிடம் கேட்க வேண்டும்.