விற்க நினைத்தாலும் விற்க முடியாத பங்கு: வெளியே வந்தவர்கள் யாராவது உண்டா?

கையில் ஒரு சின்ன நிறுவனத்தின் 4,000 பங்குகள் இருக்கின்றன. ஆறு ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிச் சேர்த்தவை. இப்போது விற்க வேண்டும். வாங்கத்தான் ஆள் இல்லை.

பெரும்பாலான பங்குகள் நிறுவனர் குடும்பத்திடமே கிடக்கின்றன. ஒரு நாளில் 100, 150 கைமாறினாலே அதிகம். பல நாள் ஒன்றுகூட இல்லை. விற்பவர் கேட்கும் விலைக்கும் வாங்குபவர் கொடுக்கும் விலைக்கும் 12 சதவீத இடைவெளி. திரையில் தெரியும் ‘கடைசி விலை’ சில சமயம் போன வாரத்து விலை. அதை வைத்துச் சொத்துக் கணக்குப் போடுவதெல்லாம் வெறும் மனத்திருப்தி.

லிமிட் ஆர்டர் (நான் குறித்த விலைக்குக் கீழே விற்காத ஆணை) போட்டு மூன்று வாரம் காத்திருந்தேன், 60 பங்கு போனது. விலையை 5 சதவீதம் இறக்கினேன்; வாங்க நின்றவரும் தன் விலையை இறக்கிவிட்டார்! ஒருமுறை பொறுமையிழந்து மார்க்கெட் ஆர்டர் (கிடைத்த விலைக்கு உடனே விற்கும் ஆணை) போட்டதில், 200 பங்குக்கே விலை 9 சதவீதம் சரிந்தது. அந்தத் தப்பை இனிச் செய்ய மாட்டேன். அப்புறம், மொத்தமாக வாங்க ஆள் தேடித் தரும்படி தரகரிடம் கேட்டேன். அளவு சிறியது என்று கைவிரித்துவிட்டார். பங்குகளைத் திரும்ப வாங்கும் எண்ணம் உண்டா என்று நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதியும் பதில் இல்லை.

ஆறு மாதம் வரை பொறுக்க முடியும். இப்படிப்பட்ட பங்கிலிருந்து வெளியே வந்தவர்கள் சொல்லுங்கள்: தினமும் சிறிது சிறிதாக விற்றீர்களா, நிறுவனத்தின் காலாண்டு நிதி முடிவுகள் வந்து கொஞ்சம் கூட்டம் கூடும்வரை காத்திருந்தீர்களா?