ஹனுக்காவுக்குள் வரும் மாதப் பிறப்பு: உதவி வேண்டும்

வணக்கம். இஸ்ரேலின் ஹைஃபாவில், துனீசியாவில் பிறந்த ஒரு யூதப் பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்கா, அவர்கள் நாட்காட்டியில் கிஸ்லேவ் மாதம் 25-இல் தொடங்கி எட்டு நாள் நடக்கிறது. அதனால் அடுத்த மாதமான தேவேத்தின் பிறப்பு நடுவிலேயே வந்துவிடும். கிஸ்லேவுக்கு 29 நாள் என்றால் மாதப் பிறப்பு ஒரு நாள், 30 என்றால் இரண்டு நாள்.

அதை ஒட்டிய இரவை அவர் ஊர்ப் பெண்கள் பழைய யூதக் கதையின் வீரப்பெண் யூதித்தை நினைத்து 'ஹக் ஹபனோத்' என்று கொண்டாடுவார்களாம், பெண்பிள்ளைகளின் பண்டிகை. "இந்த வருஷம் செய்யணும்" என்று நேற்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நடுங்கும் விரலால் திரியை எண்ணெயில் அமுக்கியும் காட்டினார். மனசு கேட்கவில்லை.

விளக்கேற்றத் தெரியும். அன்று என்ன இனிப்பு செய்வார்கள்? மாதப் பிறப்பில் பெண்கள் தையல், துவைத்தலை விடுவார்கள் என்கிறார். சமையலை முந்தைய நாளே முடிக்கணுமா? துனீசிய வீடுகளில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.