பேரிடர் மீட்பா, மீட்சியா, தேறுதலா? வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

குலசேகரத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறைக்கு மேலுள்ள காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காட்டுயிர் வாழிடங்களில் குடியிருப்போர் பேரிடருக்குப் பின் வளங்குன்றா வளர்ச்சியின் துணையோடு எழுந்து நிற்பதைப் பற்றியது. ‘டிசாஸ்டர் ரெக்கவரி’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடி முட்டி நிற்கிறேன். ‘பேரிடர் மீட்பு’ என்றால் படகும் கயிறும்தான் கண்முன் வருகின்றன. ஒக்கிப் புயல் 2017 நவம்பர் 30 அன்று அடித்து ஓய்ந்தது. அன்று சாய்ந்த ரப்பருக்குப் பதிலாக நட்ட கன்று பால் தர ஏறத்தாழ 7 ஆண்டு. அந்த 7 ஆண்டுக்குத்தான் சொல் கேட்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
அம்மா, இலக்கணமே விடை வைத்திருக்கிறது. மீட்பு பிறவினை; ஒருவர் மற்றவரை மீட்பது. ஆள் ஆட்சியாவதுபோல, நீள் நீட்சியாவதுபோல, மீள் மீட்சியாகும். தானே மீள்வது மீட்சி. கம்பனில் மீட்சிப் படலமே உண்டு. மேலும், தேவாலயத்துக்குப் போகிறவர் காதில் மீட்பு என்பது ஆன்ம மீட்பாகத்தான் விழும். நம் மாவட்டத்தில் அதை எண்ணாமல் இருக்க முடியாது.

தக்கலையிலிருந்து:
‘மறுவாழ்வு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே?

குலசேகரம்:
வேண்டாம் அண்ணா. சரணாலயத்துக்குள் இருப்பவர்களிடம் மறுவாழ்வு என்றால், வீட்டை விட்டுக் கிளம்பச் சொல்ல வந்திருக்கிறோம் என்றே அஞ்சுவார்கள்.

பேச்சிப்பாறையிலிருந்து, விவசாயி:
மீட்சியை நான் ஏற்கவில்லை. மீள்வது என்றால் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவது. அந்த இடமே சரியில்லை என்றால்? ஒரே மரத்தை நம்பிய தோட்டம் ஒரே காற்றில் போயிற்று. மறுபடியும் ரப்பரை மட்டும் நட்டால் அதுவும் மீட்சிதான்; அடுத்த புயலுக்கு அப்படியே காத்திருக்க வேண்டியதுதான். வாழை வைத்தால் யானை இறங்கும். பலா பழுத்தாலும் வரும். நல்லமிளகு, கிராம்பு, தேன் என்று வருமானத்தைப் பிரித்து வைக்கச் சொல்கிறது கையேடு. அது பழைய நிலைக்குப் போவது அல்ல. காய்ச்சலில் கிடந்தவன் எழுந்தால் ‘தேறிவிட்டான்’ என்கிறோம். ‘தேறுதல்’ என்று போடுங்கள். வாசித்துக் காட்டினால் பாட்டிக்கும் புரியும்.

நாகர்கோவில்:
தம்பி, தேறுதல் என்றால் ஆறுதல் என்றும் பொருள். தேர்வில் தேறுவதும் அதுதான். தேறல் என்றால் சங்க இலக்கியத்தில் கள். கலைச்சொல்லுக்கு ஒரு பொருள்தான் இருக்கவேண்டும். புரிகிறது என்பதற்காக எல்லாச் சொல்லையும் உள்ளே விட்டால் நாளை எதைக்கொண்டு வேறுபடுத்துவது?

தக்கலை:
அய்யா, நீங்கள் மறுக்கக் காட்டிய சான்றே அச்சொல்லுக்கு வலு. தேறல் ஏன் கள் ஆயிற்று? தெளிந்ததால். கலங்கியது தெளிவதே தேறுதல். கலங்கல் நீரில் தேற்றாங்கொட்டையை உரைத்தால் மண்டி அடியில் படிகிறதல்லவா, அந்தத் தேற்றுதான் இது. கலித்தொகையில் ‘கலங்கிய நீர்போல் தெளிந்து நலம் பெற்றாள்’ என்று வருகிறது. வெள்ளம் வடிந்த ஊருக்கு இதைவிட என்ன வேண்டும்? தேற்றா காட்டு மரமும்கூட. தேன் என்ற சொல்லையும் இந்த வேரோடு சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பது என் நெடுநாள் துணிபு. தெள், தெளி, தேறு, தேர் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள்...

குலசேகரம்:
அண்ணா, தேனை அச்சு முடிந்த பிறகு பார்ப்போம். கலித்தொகை வரியைக் கையேட்டின் முதல் பக்கத்தில் சேர்க்கிறேன். மீட்சிக்கும் தேறுதலுக்கும் காரணம் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். தலைப்பில் ‘பேரிடர் மீட்சி’ என்றும், உள்ளே குடும்பங்களைப் பற்றிப் பேசும் இடங்களில் ‘தேறுதல்’ என்றும் வைக்கிறேன்.

நாகர்கோவில்:
ஒரே நூலில் ஒரே கருத்துக்கு இரு சொற்கள் கூடாது. இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

பேச்சிப்பாறை:
தலைப்பு உங்கள் விருப்பம் அக்கா. கூட்டத்தில் வாசிக்கப்போகிறவன் நான். தேறுதல் என்றே வாசிப்பேன்.