நாட்டுச்சர்க்கரை போட்டால் பால் திரிகிறது, கேக் அமுங்குகிறது. எங்கே தப்பு?

கேள்வி (புதுக்கரண்டி): வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டு எல்லாவற்றுக்கும் நாட்டுச்சர்க்கரை என்று முடிவு செய்திருக்கிறோம். கொதிக்கும் பாலில் போட்டால் சில நேரம் திரிந்துவிடுகிறது, சில நேரம் ஒன்றும் ஆவதில்லை. ஒரு கப்புக்கு ஒரு கப் மாற்றிச் செய்த கேக் கனமாக, நடுவில் பள்ளம் விழுந்து வருகிறது. சரியான அளவு என்ன? சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது பரவாயில்லையா?

பதில் 1 (பாகுப்பதம்): முதலில் பால். கரும்புச்சாறு இயல்பிலேயே சற்றுப் புளிப்பானது. காய்ச்சும்போது சுண்ணாம்பு சேர்த்து அந்தப் புளிப்பை முறிப்பார்கள். சுண்ணாம்பு குறைந்தாலோ, காய்ச்சிய சர்க்கரை ஈரம் வாங்கி லேசாகப் புளித்தாலோ பாலைக் கெடுக்கும். உங்களுக்கு ஒரு நாள் திரிந்து மறுநாள் திரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். ஆறிய பாலில் தாங்கக்கூடிய புளிப்பு, கொதிக்கும் பாலில் தாங்காது.

அரை லிட்டர் பாலுக்கு 60 கிராம் எடுத்து 50 மில்லி தண்ணீரில் கரைத்து, ஒரு கொதி விட்டு வடிகட்டுங்கள். அடியில் மண்ணும் கரும்புச் சக்கையும் தங்குவதைப் பார்த்தால் இனி வடிகட்டாமல் போட மனசு வராது. கரைசலை ஆறவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கி வெதுவெதுப்பாக ஆன பாலில் கலக்குங்கள். அதன் பிறகு மறுபடி கொதிக்க வைக்கக் கூடாது. சந்தேகமான சர்க்கரை என்றால், ஆறிய கரைசலில் துளி சமையல் சோடா போடுங்கள். குமிழி கிளம்பினால் புளிப்பு இருக்கிறது. துளிக்கு மேல் போனால் சோப்பு வாடை அடிக்கும்.

பதில் 2 (அடுப்படி_அளவு): கேக்கில் பிழை கப்பில்தான். கப்பை எவ்வளவு அமுக்கி நிரப்புகிறோம் என்பதைப் பொறுத்து எடை மாறும். தராசில் நிறுத்து, 200 கிராமுக்கு 200 கிராம் போடுங்கள். இதில் ஈரம் கூடுதல் என்பதால் பாலையோ தண்ணீரையோ ஒரு மேசைக்கரண்டி குறையுங்கள்.

அமுங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெள்ளைச் சர்க்கரையின் கூரான மணிகள் வெண்ணெயோடு அடிபடும்போது காற்றைப் பிடித்து வைக்கும். நாட்டுச்சர்க்கரை மெத்தென்று ஒட்டிக்கொள்ளும், காற்று நிற்காது. சலித்துப் பாதிக்குப் பாதி மாற்றுங்கள். முழுதாக மாற்றத்தான் வேண்டும் என்றால், வெண்ணெயை விட்டுவிட்டு எண்ணெயில் செய்யும் கேக்குக்குப் போவது நல்லது. சர்க்கரையைத் திரவத்தில் கரைத்துவிடலாம். செய்முறையில் பேக்கிங் பவுடர் மட்டும் இருந்தால் 200 கிராம் சர்க்கரைக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா சேர்த்தால் புளிப்பும் அடங்கும், கேக்கும் எழும்பும். இதில் குளுக்கோசும் ஃபிரக்டோசும் இருப்பதால் மேல்புறம் சீக்கிரம் கறுக்கும். ஓவன் சூட்டை 10 டிகிரி குறைத்து, குச்சி குத்திப் பார்த்து எடுங்கள். முட்டை வெள்ளைக்கருவை அடித்துச் செய்யும் மெரிங்குக்கு மட்டும் இது வேண்டாம், வீண் வேலை.

பதில் 3 (கணக்குப்புலி): கடைசிக் கேள்விக்கு என் பதில்: பரவாயில்லை என்று சொல்ல முடியாது. இதிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், ரத்தச் சர்க்கரையை ஏற்றும். 10 கிராமுக்கு ஏறக்குறைய 38 கலோரி. வெள்ளைச் சர்க்கரையில் ஏறக்குறைய 39. தாதுச்சத்து இருக்கிறது, ஆனால் தேக்கரண்டி அளவில் அது கணக்கில் சேராது. உணவில் சேர்க்கும் சர்க்கரைக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு, ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள். 2000 கலோரிக்கு அது 50 கிராம். நாட்டுச்சர்க்கரையும் அதற்குள்தான் அடங்கும். இனிப்பு கொஞ்சம் மட்டு என்று கூட ஒரு கரண்டி போடுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் ஏமாறுகிறோம். வாங்குவதற்கான காரணம் மணமும் ருசியும் என்றால் தாராளமாக வாங்குங்கள்.

புதுக்கரண்டி: நன்றி. டப்பாவில் கட்டிதட்டிக் கிடப்பதை என்ன செய்வது?

பாகுப்பதம்: உலர்ந்து இறுகியதா, ஈரத்தில் ஒட்டியதா என்று பாருங்கள். இறுகியதற்கு ஒரு ரொட்டித் துண்டை உள்ளே வைத்து இறுக மூடினால் மறுநாள் உதிரும். கசகசவென்று ஈரமாக, புளித்த வாடை வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.